முப்பத்தொன்றாம் இடம்

கணினி நிரல் எழுதும் போட்டிக்கான அணித் தேர்வு அந்த ஆண்டு பதினொரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதில் கலந்துகொண்ட முப்பத்து நான்கு பேரில் ஒருவர்கூட அந்த இடத்தில் இல்லை. சிலர் வகுப்பில் இருந்தார்கள், சிலர் கேன்டீனில் பரோட்டாவுக்கு வரிசையில் நின்றார்கள். சகாயராஜ் விடுதிக் குழாயடியில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் சோப்பு நுரையாக இருக்கும்போது போன் அதிர்ந்தது. அவனுக்கு முதல் இடம்.

திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் காவிரிக்கரைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முன்பெல்லாம் இந்தத் தேர்வு ஆறு சனிக்கிழமை நடக்கும். மூன்று பேருக்கு ஒரே ஒரு கணினி, ஐந்து மணி நேரம், பத்துக் கணக்கு. ஒரு கணக்குக்கு எழுதிய நிரல் சரி என்று வந்தால் அந்த அணியின் நாற்காலியில் ஒரு பலூன் கட்டுவார்கள். பக்கத்து நாற்காலியில் நாலு பலூன் ஆடும்போது நம்முடையது மொட்டையாக இருப்பது எப்படிப்பட்ட அவமானம் என்பது உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். சண்டை வரும், அழுகை வரும், பயிற்றுநர் தில்லைநாயகம் சார் குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டோடு சமாதானம் பேச வருவார். ஆனால் தோற்றவன் தானே உட்கார்ந்து தோற்றான். அவனுக்குப் பதிலாக வேறு எதுவும் தோற்கவில்லை.

இப்போது நிழல் வந்துவிட்டது. ஒரு மாணவன் கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் தன் பெயரில் எந்தக் கணக்கை எடுத்தான், முதலில் எந்த வழியில் போனான், எங்கே தடுமாறினான், எத்தனை வரியை அழித்தான் என்பதெல்லாம் ஒன்றுவிடாமல் சேமிக்கப்படும். அதையெல்லாம் படித்து அவனைப் போலவே யோசிக்கும் ஒன்றை இயந்திரம் உருவாக்கும். அதுதான் அவன் நிழல். நிழல்களை மூன்று மூன்றாகச் சேர்த்துப் பத்தாயிரம் போட்டி நடத்தினால் எந்த மூவர் அடிக்கடி ஜெயிப்பார்கள் என்று தெரிந்துவிடும். மனிதனுக்குக் காய்ச்சல் வரும், காதல் முறியும், நிழலுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது என்று துணைவேந்தர் மேடையில் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். சகாயராஜும் தட்டினான்.

பட்டியலில் இரண்டாவது நவ்ஷத், அவன் விடுதித் தோழன், இரவில் தனியாகவும் தன் பெயரில் கணக்குப் போடுகிறவன். மூன்றாவது ஒரு ஜூனியர் மாணவி. தெய்வானை முப்பத்தொன்று.

அந்த எண்ணைப் பார்த்ததும் சகாயராஜ் போனைக் கவிழ்த்து வைத்தான். காரணம் அவனுக்குத் தெரியும், ஆய்வகத்தில் இருந்த நாற்காலிகளுக்குக்கூடத் தெரியும். இரண்டு ஆண்டுகளாக அவன், நவ்ஷத், தெய்வானை மூவரும் ஒரே கணினியின் முன்னால்தான் பயிற்சி எடுத்தார்கள். போட்டியில் ஒரு கணினிதான் என்பதால் அப்படித்தான் பழக வேண்டும். மூவரில் வேகமாகத் தட்டச்சு செய்பவன் விசைப்பலகையில் உட்காருவான், அது சகாயராஜ். ஆள் மாறும்போதெல்லாம் லாகின் மாற்றுவது விதி. ஆனால் அந்தப் பழைய கணினிகள் லாகின் மாற்ற இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஐந்து மணி நேரப் போட்டியில் இரண்டு நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் போட்டிக்குப் போனதில்லை. ஆகவே எல்லா அணிகளும் தட்டுகிறவன் லாகினிலேயே எல்லாவற்றையும் அனுப்பின.

யோசிப்பவள் தெய்வானை. கணக்கை ஒரு தடவை படிப்பாள், பழைய தேர்வுத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நாலு கோடு இழுப்பாள், பிறகு சகாயராஜின் பக்கம் திருப்பி வைப்பாள். அவன் அதைப் பார்த்து மடமடவென்று தட்டுவான். அவள் பெயரில் இருந்த பதிவுகள் எல்லாம் வாராவாரம் கட்டாயமாகச் செய்ய வேண்டிய பாடப் பயிற்சிகள். அதையும் அவள் துவாக்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் கட்டைவிரலால் தட்டி அனுப்புவாள். பாதி தப்பாக இருக்கும், மீதி அரைகுறையாக நிற்கும். அந்தக் கட்டைவிரலைத்தான் இயந்திரம் தெய்வானை என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் அவள் ஆய்வகத்துக்கு வந்தபோது சிரித்துக்கொண்டேதான் வந்தாள். நமக்குப் பின்னால் இன்னும் மூணு பேர் இருக்கிறார்கள், அந்த மகான்கள் யார் என்று தெரிய வேண்டும் என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அணியில் இடம் போனால் போகட்டும், ஆனால் இந்த ஆண்டிலிருந்து நிழல் வரிசையை மதிப்பெண் சான்றிதழிலேயே அச்சடிக்கப் போகிறார்கள், முப்பத்தொன்று என்ற எண்ணோடு யார் வேலை தருவார்கள் என்று கேட்டாள். மறுப்புப் படிவம் என்று ஒன்று உண்டு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் அதில் கையெழுத்துப் போட வேண்டியது அவள் அல்ல. பதிவுகள் யார் லாகினில் இருக்கின்றனவோ அவன் போட வேண்டும்.

"நீ சொன்னாத்தான்டா நம்புவாங்க" என்றாள் தெய்வானை. அதற்குமேல் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. இரண்டு ஆண்டுக் காகிதங்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள், சாட்சிக்கு. அவன் வாங்கிக்கொண்டான். கண்டிப்பாகப் போடுகிறேன் என்று சொன்னான். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான், அதில் சந்தேகமே வேண்டாம்.

தில்லைநாயகம் சாரின் அறைக்கு அவன் அன்று மாலையே போனான். பையை மேசைமேல் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"என் லாகின்ல இருக்கிறது நான் இல்ல சார். யோசிச்சதெல்லாம் தெய்வானை. நான் தட்டினேன், அவ்வளவுதான்."

சார் ஆச்சரியப்படவே இல்லை. ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"நிழலுக்கு விரல்தான்ப்பா தெரியும். பக்கத்துல உக்காந்து பென்சில்ல போட்டுக் காட்டினவளை அது எங்க பாக்கும்?"

"அப்ப மெஷினைத் திரும்ப ஓட்டச் சொல்லுங்க சார்."

"எதை வச்சு ஓட்டுறது? காகிதத்தை அது படிக்காது. அவ பேர்ல மூணு மாசத்துக்குச் சுத்தமான பதிவு வேணும். அணிப் பேர் குடுக்கக் கடைசி நாள் திங்கக்கிழமை."

"நான் கையெழுத்துப் போட்டா?"

"உன் நிழலை ரத்து பண்ணுவாங்க. லாகினைப் பகிர்ந்ததுக்கு உனக்கு ஒரு வருஷம் தடை. முதல் இடத்துக்கு ஆய்வுப் படிப்புல நேரடி இடம்னு சொல்லியிருக்காங்கல்ல, அதுவும் போச்சு. அவளுக்கும் அணியில இடம் கிடைக்காது."

சகாயராஜ் மூச்சு விட்டான். அப்படியென்றால் போட்டு யாருக்கு என்ன பயன் என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த நிம்மதி அவனுக்கே கேட்டது.

சார் தாளைப் பைக்குள் திரும்ப வைத்தார். "அவளோட அந்த முப்பத்தொண்ணு போயிடும். 'கணிக்கப் போதிய பதிவு இல்லை'ன்னு சான்றிதழ்ல வரும். அப்படி இருந்தா வேலைக்கு எடுக்கிறவன் அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சு நாலு கேள்வி கேட்டாவது பாப்பான். முப்பத்தொண்ணு இருந்தா கூப்பிடவே மாட்டான்."

படிவத்தை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பது ஆண்டு பிள்ளைகளோடு பழகிய மனிதர். ஆனால் அவருக்கும் ஜெயிக்கிற அணி ஒன்று தேவைப்பட்டது.

புதன், வியாழன் இரண்டு நாளும் படிவம் சகாயராஜின் சட்டைப்பையில் இருந்தது. புதன்கிழமை அவன், பாதி யோசனையாவது என்னுடையதாக இருக்காதா என்று நினைத்தான். வியாழக்கிழமை, அவள் கெட்டிக்காரி, எப்படியும் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தான். கெட்டிக்காரர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள் என்பது மற்றவர்களுக்கு எவ்வளவு வசதியான நம்பிக்கை. வெள்ளிக்கிழமை அவன் எதையும் நினைக்கவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தான். ஐந்து மணி அடித்தது.

ஐந்தே காலுக்குப் பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள். சார் படிவத்தை வாங்க மாட்டேன் என்றுவிட்டார் என்று சொன்னால் அவள் நேராக சாரிடம் போய் நிற்பாள், குட்டு உடைந்துவிடும். கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னால், அப்புறம் ஏன் என் எண் மாறவில்லை என்று திங்கட்கிழமை கேட்பாள். இரண்டையும் ஒரு நொடியில் பார்த்துவிட்டான். சகாயராஜ் வாழ்க்கையில் தனியாகப் போட்ட முதல் நல்ல கணக்கு அதுதான்.

"குடுத்துட்டேன். உன் தாள் எல்லாத்தையும் ஏத்தி, திரும்ப ஓட்டிப் பாத்தாங்க. அதே நம்பர்தான் வந்துச்சு."

"தாளையும் சேத்தா?"

"ம்."

அவள் சாலையைப் பார்த்தாள். பஸ் இன்னும் வரவில்லை. பிறகு அவன் பக்கம் திரும்பி, "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள்.

எச்சரித்து விட்டுவிட்டார்கள் என்றான். அவள் நிஜமாகவே நிம்மதியடைந்தது முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தை அவன் அதன்பிறகு பல நாள் மறக்கப் பார்த்தான், முடியவில்லை.

டிசம்பரில் கோயம்புத்தூரில் மண்டலப் போட்டி. அந்த ஆண்டு முதல் ஒவ்வோர் அணியும் தன் மூவரின் நிழல்களையும் அரங்குக்குள் கொண்டுவரலாம் என்று விதி மாறியிருந்தது. வேலை தரும் நிறுவனங்கள் மனிதனையும் நிழலையும் சேர்த்துத்தான் எடுக்கின்றன, போட்டியும் அப்படியே இருக்கட்டும் என்று காரணம் சொன்னார்கள். ஆகவே சகாயராஜ் மேடையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, கை தட்டலோடு போய் உட்கார்ந்து, தன் நிழல் சொல்வதைச் சரிபார்த்து அனுப்பினான்.

ஏழாவது கணக்கு, தண்ணீர்க் குழாய்கள் போகும் ஊர்களைப் பற்றியது. மற்ற அணிகளின் நிழல்கள் அதில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. சகாயராஜின் நிழல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு, இல்லாத ஓர் ஊரை வரைபடத்தில் சேர்த்து, எல்லாக் குழாயையும் அதன் வழியாகத் திருப்பியது. கணக்கு பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. இல்லாத ஊரைச் சேர்ப்பது தெய்வானையின் புத்தி, அவளைத் தவிர வேறு யாரும் அப்படிப் போய் அவன் பார்த்ததில்லை. அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து காகிதத்தைத் திருப்பி வைத்தது போல இருந்தது. அவன் அனுப்பினான். பலூன் கட்டினார்கள். மொத்தம் ஒன்பது பலூன், முதல் பரிசு, உலகப் போட்டிக்குத் தகுதி. அன்று மாலை தெய்வானை போன் செய்து வாழ்த்தினாள். ஏழாவது கணக்கைப் பற்றிக் கேட்டாள். எப்படிச் செய்தாய் என்று அவள் கேட்டபோது அவன் பேச்சை மாற்றினான்.

அதற்குப் பிறகு அவள் ஆய்வகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை. பயிற்சித் தளம் அவரவர் வரிசைக்கு ஏற்பத்தான் கணக்கு கொடுக்கும். முப்பத்தொன்றாம் இடத்துக்கு இரண்டு எண்களைக் கூட்டு, பெயர்களை அகர வரிசையில் அடுக்கு என்று வந்துகொண்டிருந்தது. படிப்பு முடிந்தது. எண்ணைச் சான்றிதழில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

சகாயராஜுக்கு ஆய்வுப் படிப்பில் இடம் கிடைத்தது. முதல் சில மாதம் ராஜவாழ்க்கை. ஆனால் நிழலுக்கு ஒரு குணம் உண்டு, அதற்கு உடையவனின் புதிய பதிவுகளைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவனும் கொடுத்தான். இரவுபகலாக உழைத்து, தன் சொந்த யோசனையைத் தன் கையாலேயே தட்டிக் கொடுத்தான். கொடுக்கக் கொடுக்க அது மந்தமாகியது. வரிசையில் ஒன்று, பிறகு நாலு, பதினொன்று, பத்தொன்பது. இல்லாத ஊர்களையெல்லாம் அது மறந்துபோனது. நவம்பரில் உலகப் போட்டி. அதற்குள் முதல் மூன்றுக்குத் திரும்பாவிட்டால் அணியிலிருந்தும் ஆய்விலிருந்தும் விலக வேண்டியிருக்கும் என்று தில்லைநாயகம் சார் சொன்னார். ஏன் இறங்குகிறது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சகாயராஜ் பால்பண்ணைப் பக்கம் இருந்த ஒரு பார்சல் கிடங்குக்குத் தேடிப் போனான். தெய்வானை அங்கே வேலை பார்த்தாள். எந்த வேன் எந்தத் தெரு வழியாகப் போய் எந்த மூட்டையை எப்போது இறக்க வேண்டும் என்று காலையில் தாளில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. நாற்பது வேன். டிரைவர்கள் அவளிடம் வந்து தாளை வாங்கிக்கொண்டு மறுபேச்சுப் பேசாமல் போனார்கள். அவள் வந்த பிறகு ஒரு வேனும் வெறுமனே திரும்புவதில்லை என்று வாசலில் இருந்த காவலாளியே பெருமையாகச் சொன்னார். அந்தத் தாளைப் பார்த்ததும் சகாயராஜ் இரண்டு தடவை மேலிருந்து கீழ்வரை படித்தான். உலகப் போட்டியில் வைத்தால் பாதி அணிகள் தொடப் பயப்படும் கணக்கை அவள் டீ குடித்துக்கொண்டே போட்டிருந்தாள்.

அதைச் சொன்னான். அவள் சிரித்தாள். இது சும்மா பழக்கம், இதில் என்ன மூளை இருக்கிறது என்றாள்.

உலகப் போட்டி வரைக்கும் மூன்று மாதம் என்னோடு உட்கார வருகிறாயா என்று கேட்டான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கோபத்தோடு அல்ல.

"நான்தான் யோசிக்கிறேன்னு அப்ப நினைச்சுக்கிட்டிருந்தேன்டா. தாளையெல்லாம் சேத்து ஓட்டியும் அதே நம்பர் வந்துச்சு பாரு, அப்பத்தான் புரிஞ்சுது. நீ வாய்க்குள்ள முனகினதைத்தான் நான் கோடா இழுத்திருக்கேன். கொஞ்ச நாள் கஷ்டமா இருந்துச்சு. இப்ப இல்ல."

அவள் அதைச் சொன்ன தெளிவுதான் அவனை உடைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்த இடத்திலேயே, மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"தெய்வானை, நான் அன்னிக்குப் படிவமே குடுக்கல. யாரும் திரும்ப ஓட்டல. தாள்ப்பை என் பெட்டியிலதான் கிடக்கு. உன் நம்பர் பொய்."

அவன் அழுதான். ஒரு வருடம் அடைத்துவைத்த அழுகை. அவள் அடிப்பாள், துப்புவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தான், அதற்கு ஆசையும்பட்டான். அவள் அவனை உற்றுப் பார்த்தாள். மெல்ல அவள் முகத்தில் ஒரு கனிவு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள்.

"எனக்கு ஆறுதல் சொல்ல உன்னையே கெட்டவனாக்கிக்கிறியே, எதுக்குடா இது? அன்னிக்கு எனக்காக உன் இடத்தையே பணயம் வச்சுக் கையெழுத்துப் போட்டவன் நீ. மெஷினுக்கு என்ன, என் மேல பகையா? உனக்குத்தான் இரக்கம் ஜாஸ்தி."

அவன் இன்னொரு தடவை சொன்னான். சத்தியம் செய்தான். சொல்லச் சொல்ல அவள் கண்ணில் அவன் மேலும் நல்லவனாகிக்கொண்டே போனான். தாள்ப்பையைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றான். கொடுத்த பிறகு திருப்பித் தந்திருப்பார்கள், அதில் என்ன என்றாள். முத்திரை வைத்த காகிதத்தில் அச்சடித்த எண் ஒரு பக்கம், அழுதுகொண்டு நிற்கும் நண்பன் ஒரு பக்கம். யாரை நம்புவது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை.

வரும்போதே அவன் கையில் கொண்டுவந்திருந்த தாளை அப்போதுதான் அவள் பார்த்தாள். அது என்ன என்று கேட்டு வாங்கினாள். மூன்று வாரமாக அவனும் நிழலும் சேர்ந்து முட்டிக்கொண்டிருந்த கணக்கு, இரண்டு பேர் ஓர் ஊரைக் கடக்கும் வழியைப் பற்றியது. ஒரு தடவை படித்தாள். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு அம்புக்குறி இழுத்தாள்.

"ரெண்டு பேரையும் தனித்தனியா அனுப்பாம ஒண்ணா நடக்க விட்டா வராதா? ஏதோ தோணிச்சு, சொன்னேன். உனக்குத் தெரியாததா?"

அந்தத் தாளை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு அவன் எழுந்து போயிருக்கலாம். அல்லது அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தில்லைநாயகம் சார் முன்னால் நிறுத்தியிருக்கலாம். அவர் வாயால் சொன்னால் ஒருவேளை நம்பியிருப்பாள். ஆனால் அப்புறம் தடை, விசாரணை, ஆய்வுப் படிப்பு எல்லாம் இருக்கிறதே. சகாயராஜ் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். திரும்பி வரும் பஸ்ஸில் மடிக்கணினியைத் திறந்து தன் லாகினில் தட்டினான். சரி என்று வந்தது. அந்த வாரக் கடைசியில் நிழல் பத்தொன்பதிலிருந்து பதினாறுக்கு ஏறியது.

திங்கட்கிழமை அவன் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினான், நாளைக்கு மதியம் ஒரு அரை மணி நேரம் வரலாமா என்று.

உடனே பதில் வந்தது. "தாராளமா வாடா. உன்கூட உக்காந்தாத்தான் எனக்கும் கொஞ்சம் மூளை வேலை செய்யுது."